நிகர எடை

சேதராப்பட்டு வளைவில்
அறுபது டன் மேடை எங்களுடையது.
எங்களுடையது என்றால் முதலாளியுடையது,
காலை ஆறிலிருந்து மதியம் இரண்டுவரை என்னுடையது.
ஏறுகிற வண்டி நிற்கணும், டிரைவர் இறங்கணும்,
எண் அசையாமல் நிற்கணும்.
அப்புறம்தான் சீட்டு.

நான் வந்த புதிதில் கரும்பு ஏறும்,
மல்லாட்டை மூட்டை ஏறும்.
பிறகு ஒரு கோடை முழுக்க மண் ஏறியது.
செம்மண். பதினேழு நாள். ஒரே கொல்லை.
ஒரு கொல்லையின் எடை தெரிந்தவள்
இந்த ஊரில் நான் ஒருத்திதான்.
யாரும் கேட்டதில்லை.

இப்போது இரும்புக் கம்பி, மருந்து டிரம்,
ஒடியாவில் திட்டிக்கொள்ளும் பையன்கள்.
இந்தச் சம்பளத்தில்தான் என் வீட்டுக்குக் கக்கூஸ் வந்தது,
கதவோடு, தாழ்ப்பாளோடு.
ஆகவே கம்பெனிகளைத் திட்டுகிறவர்கள் வந்தால்
சீட்டுக்கட்டை எண்ணுவதுபோல இருந்துவிடுவேன்.

தினம் ஆறு நடை கன்னியப்பன்.
டேங்கர். தண்ணீர்.
லிட்டர் கணக்கைக் கம்பெனி நம்பாது, டன்னுக்குத்தான் காசு.
மூன்று காணியில் இரண்டரையை விற்றார்,
போர் இருந்த அரைக் காணியை விற்கவில்லை.
நெல்லில் பார்க்காத பணம் என்று அவரே சொல்வார்.
முதலில் நூற்றிருபது அடி,
போன வருஷம் முந்நூறு,
இந்த வருஷம் எவ்வளவு என்று கேட்டால்
டீ குடிக்கப் போய்விடுகிறார்.

மோட்டார் லைன் மட்டும் இன்னும் விவசாயக் கணக்கில்.
அதற்காக,
தொட்டியைச் சுற்றி நான்கு வரிசை கத்தரி.
மின்துறை ஆள் செடியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.
படத்தில் டேங்கர் சக்கரம் கொஞ்சம் விழுந்திருந்தது,
அதை அவரே வெட்டிக்கொண்டார்.

காட்டுவதற்கு நட்டது என்று செடிக்குத் தெரியுமா?
காய்த்துத் தொலைத்தது.
கன்னியப்பனுக்கு முதலில் எரிச்சல்.
பிறகு பூச்சி விழுந்த இலையை ஒவ்வொன்றாகக் கிள்ளினார்.
பிறகு ஒரு நாள் டேங்கரை நிறுத்திவிட்டுச்
சாம்பல் தூவிக்கொண்டிருந்தார்,
பாட்டில் கம்பெனியிலிருந்து மூன்று தடவை போன்.

நேற்று மஞ்சள் பையோடு வந்தார்.
எடை போடு என்றார்.
அண்ணே, இருபது கிலோவுக்குக் கீழே
இந்த மேடைக்குக் கண் தெரியாது.
தெரியும், போடு.
காலி மேடை நடுவில் பையை வைத்துவிட்டு
டிரைவர் இறங்குகிற மாதிரி
தள்ளி வந்து நின்றார்.
எண் அசையவில்லை.
பின்னால் கம்பி லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

சீட்டு அடித்தேன். பொருள்: கத்தரி.
மொத்தம் பூஜ்யம், காலி பூஜ்யம், நிகரம் பூஜ்யம்.
நாற்பது ரூபாய் நீட்டினார், நான் வாங்கவில்லை.
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
கரண்டு ஆபீசில் காட்ட ஆகும் என்று.

பையை எனக்கே விட்டுப் போனார்.
ராத்திரி அரிந்தேன், ஒன்பதில் இரண்டு சொத்தை.
வதக்கும்போதே ஒன்றை எடுத்து வாயில் போட்ட மகன்
உப்பு தூக்கல் என்றான்.
நான் இன்னும் போடவே இல்லை.