விடுதலைப் பத்திரம்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
அந்தப் பிள்ளைக்கு இருபத்தாறு வயதுகூட இருக்காது.
வெள்ளைத்தாளில் கட்டம் போட்டாள்: ஆண்.
வட்டம் போட்டாள்: பெண்.
செத்தவர்மேல் ஒரு சாய்கோடு.
நோய் கண்டிருந்தால் உள்ளே கறுப்பு.
"உங்கள்லருந்து ஆரம்பிப்போம்க்கா" என்று
ஒரு வட்டத்தில் மை அடைத்தாள்.
தாளின் பின்பக்கமும் தெரிந்தது.

அம்மா வழியில் யாருக்கும்?
இல்லை.
எண்பது வயதிலும் கறிக்கடைக்காரனிடம்
எலும்பு கூடிப்போச்சென்று சண்டைக்கு நிற்பவள் அவள்.

அப்பா வழியில்?
அதையுமா கேட்பார்கள்?
மாரில் வருகிற நோய்
பெண் வழியாகத்தான் நடந்து வரும் என்றிருந்தேன்.

வடிவு அத்தை. முப்பத்தெட்டு.
செய்வினை என்றார்கள்.
பத்தமடையிலிருந்து ஒருவன் வந்து
கிணற்றடியில் தகடு எடுத்துக் காட்டினான்.
ரவிக்கைக்குள் அவள் பஞ்சு வைத்திருந்ததை
அது நனைந்துகொண்டே இருந்ததை
ஒன்பது வயதில் நான் பார்த்தேன்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
இன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

அப்பா?
நீர் பிரியாமல் கிடந்தார்.
வயசானால் ஆம்பிளைக்கு அப்படித்தான் என்றோம்.
பிறகு இடுப்பெலும்பு. வரப்பில் வழுக்கியது என்றோம்.
ஐம்பத்தேழு வயசா என்று அவள் கேட்டபோதுதான்
அது வயசே இல்லை என்று உறைத்தது.
சான்றிதழில் மாரடைப்பு.
அப்பாவின் கட்டத்துக்குள்
ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டாள்.

"ஒருவேளை அப்பாட்ட இருந்திருந்தா
மகனுக்குப் பாதி வாய்ப்பு, மகளுக்கும் பாதி வாய்ப்பு.
ஆண் பெண் பாக்காதுக்கா."

சிரித்துவிட்டேன். பயந்துபோனாள்.

சேர்மாதேவி பத்திர ஆபீஸ். ஒன்பது வருசமாகிறது.
கன்னடியன் கால்வாய்ப் பாசனம்,
ஒரு ஏக்கர் நாற்பது சென்ட்.
மேற்படி சொத்தில் இனி எனக்கு
யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை
என்ற வரிக்குக் கீழே கைநாட்டு வைத்தேன்.
அண்ணன் பிறவிப்பெருமாள்
தட்டில் ஒரு சேலையை நீட்டினான்.
பெஞ்சில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.
அதோடு பேச்சில்லை.

சென்னைக்குப் போன ரத்தம்
இருபத்துநாலாம் நாள் தாளாகத் திரும்பி வந்தது.
இருக்கிறது.
முத்திரைத்தாள் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை,
அப்பா எனக்கும் எழுதித்தான் வைத்திருக்கிறார்.
இதற்கு விடுதலைப் பத்திரம்
எந்த ஆபீசிலும் எழுத மாட்டார்கள்.

கூடப் பிறந்தவர்களிடம் சொல்லணும் என்றாள்.
அவனுக்கும் இருந்தே தீரும் என்றில்லை,
காசு சுண்டுவது மாதிரிதான்.
ஆனால் சுண்டிப் பார்க்கணும்.
அவனுக்கு இரண்டு பெண்கள்.
பெரியவளுக்குக் களக்காட்டில் மாப்பிள்ளை பேசுகிறார்களாம்.
இதைக் கொண்டு போய் அந்த வீட்டுக்குள் எப்படி வைக்க?

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு
வண்ணார்பேட்டை பைபாஸில் இறங்கினேன்.
டயர்க்கடை. லாரிச் சக்கரத்தடியில் குந்தியிருந்தான்.
முதலில் தலைத்துண்டைப் பார்த்தான்,
பிறகு புருவம் இல்லாத இடத்தை.

சொன்னேன்.
நமக்கு அப்படியெல்லாம் கிடையாது என்றான்.
அத்தையின் பஞ்சைச் சொன்னேன்.
கம்ப்ரசர் ஓடி நின்றது.

"அப்பாவுக்கு டியூப் மாட்டினது நான்தாம்ட்டி.
பையில ரத்தமா வந்துச்சு.
உன்ட்டயும் அம்மைட்டயும் சொல்லக்கூடாதுன்னு
கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு."

இத்தனை வருசம்
ஆளுக்கு ஒரு துண்டு வைத்திருந்திருக்கிறோம்.

தாளை விரித்தேன்.
வெறுமையாக இருந்த ஒரு கட்டத்தைத் தொட்டு
இது யாரு என்றான்.
நீதான்.
விரலை எடுத்தபோது டயர்க்கரி ஒட்டியிருந்தது.
வேட்டியில் விரலைத் துடைத்தான். தாளையும் துடைக்கப் பார்த்தான்,
இன்னும் பரவியது.

"வெறும் வயித்துலயா வரணும்?"

எனக்குத் தெரியவில்லை.
கேட்டுச் சொல்லுதேன் என்றேன்.
அவன் நம்பர் மாறியிருக்கவில்லை.