அறை எண் 207

முனிரத்தினத்தின் லாட்ஜ், காந்தி ரோட்டுக்குப் பின்சந்தில்.
அறைக்கு ஒரு படம் கேட்டார், இருபத்திரண்டு அறை.
"ஆஸ்பத்திரிக்கு வந்த ஜனம், பாவம்,
செவுத்தயே பாத்துக்கினு படுத்திருக்குது.
எங்கனா போய்ட்டு வந்த மாரி இருக்கணும்."

கொடுத்தேன்.
ரோதாங் கணவாயின் பனி,
காட்பாடியில் கிளம்பிய சுற்றுலாக் கூட்டத்தோடு போய்
பஸ் சன்னல் வழியாக எடுத்தது,
ஓரத்தில் யாருடையதோ குரங்குக் குல்லாய்.
சவ்வாது மலையில் சாமை முற்றிய சரிவு.
ஏலகிரி ஏறும் பாதையின் ஒன்பதாவது வளைவு.
தனுஷ்கோடியில் கடலைப் பார்த்ததும் முடிந்துபோகிற தார்.

"பாலைவனம் ஒண்ணு வோணும், ரோட்டோரமா" என்றார்.
ராஜஸ்தான் போக அப்போது என்னிடம் இருந்தது
ஒரு லென்ஸும் அதற்குக் கட்டாத மூன்று தவணையும்.

அக்கினி நட்சத்திரத்தின் ஆறாம் நாள்
விருதம்பட்டுப் பக்கம் பாலாற்றில் இறங்கினேன்,
பகல் இரண்டு மணி.
கேமராவைத் தரையோடு வைத்ததில்
பாலம் மறைந்தது, செல்போன் கோபுரம் மறைந்தது.
கோழிக்கழிவு மூட்டைகளைக் காலால் தள்ளினேன்.
மிச்சம் மணல்,
மணலுக்கு மேல் நடுங்கும் வெளிச்சம்,
ஒற்றைச் சீமைக்கருவேலம்,
சிவப்புத் துண்டைத் தலையில் சுற்றிக் குறுக்கே நடந்த ஓர் ஆள்.
(கன்னியப்பன், பம்ப் ஹவுஸில் வேலை.
பெயரைப் பிறகுதான் கேட்டேன்.)

"ஒட்டகம் இன்னா ஆச்சு?" என்றார் முனிரத்தினம்.
இப்போதுதான் அந்தப் பக்கம் போனது என்றேன்.
207இல் மாட்டி, கீழே
தார் பாலைவனம் என்று
தமிழிலும் வங்காளத்திலும் ஒட்டினார்.

இரண்டு வருடம் யாரும் வாய் திறக்கவில்லை.
கௌஹாத்தி ஆட்கள் அதன் முன்னால் செல்ஃபி எடுத்தார்கள்.

அப்புறம் பார்மேரிலிருந்து பன்வர்லால் வந்தார்.
மனைவிக்கு இருபத்தொரு நாளைக்கு ஒரு மருந்து, ஆறு முறை.
மூன்றாம் நாளே என்னை வரச்சொன்னார்.
கண்ணாடிமேல் விரலை வைத்து
இது எங்கள் மணல் இல்லை என்றார்.
எங்கள் மணலில் காற்று வரி போடும்,
இதில் போட்டிருப்பது லாரி.

கடைவாயில் எதையோ மென்றபடி நின்றேன்.
அவர் திட்டவில்லை.
எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

அதிலிருந்து சாயங்காலம் ஷேர் ஆட்டோ பிடித்துப்
பாலத்தடியில் இறங்கி
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்.
ஒருநாள் நானும் போனேன்.
பெயர் கேட்டார். பாலாறு.
பால் என்பதைச் சொல்லிக்காட்டினேன், ஆறு என்பதையும்.
ஆறு என்றால் எங்களிடம் வழி என்றும் அர்த்தம் என்றேன்.
தண்ணீர் எந்த அர்த்தத்தில் வரும் என்றார்.

பாலை என்றும் ஒரு சொல் வைத்திருக்கிறோம்,
பிரிந்து போகிறவன் மிதித்த இடமெல்லாம் அது.
இதைச் சொல்கிற அளவுக்கு
எனக்கு இந்தி வராது.

ஆறாவது மருந்து முடிந்து ஊருக்குப் போனார்கள்.
இரண்டு பேரும்.

நவம்பரில் ஆறு வந்தது.
ஊரே பாலத்தில் போனைத் தூக்கிப் பிடித்து நின்றது.
முழங்கை இடிபட நானும் ஒன்று எடுத்தேன்:
டீ நிறத்தில் தண்ணீர்,
வேரோடு ஒரு தென்னை,
ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி நிமிர்ந்தபடியே போகிறது.
கன்னியப்பன் நடந்த இடத்தில் இப்போது இரண்டு ஆள் ஆழம்.
பன்வர்லாலுக்கு அனுப்பிவைத்தேன்.

மறுநாள் குரல் செய்தி, பின்னால் ஆடு கத்துகிறது.
பெரிதாக பிரிண்ட் போட்டு அனுப்பு,
சட்டம் வேண்டாம், இங்கே போட்டுக்கொள்கிறேன்.
முன்னறையில் மாட்டி
எங்கள் ஊர் ஆறு என்று சொல்லப்போகிறேன்.
இங்கே எவனுக்கும் கண்டுபிடிக்கத் தெரியாது.

முடியும் முன்னே ஒரு பெண்குரல் குறுக்கிட்டது.
அந்த அம்மா பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை:
அந்த நாற்காலி எங்கே போய்ச் சேர்ந்தது,
கேட்டுச் சொல்லுங்கள்.