நெப்ராஸ்கா, கலரில் இரண்டு பிரதி

மார்த்தாண்டம் மேம்பாலத்தின்
இரும்புத் தூணுக்கு நேர் எதிரே என் கடை.
மேலே லாரி போனால்
கீழே மானிட்டர் நடுங்கும்.
ஜூலையில் வருடாவருடம் அமெரிக்கா வந்துவிடும்.
எட்டாம் வகுப்பில் சீட்டுக் குலுக்குவார்கள்,
ஆளுக்கொரு மாநிலம், ஆளுக்கொரு சார்ட்.
நேற்று அலாஸ்காவின் அப்பா
கரடி சின்னதாய் வந்துவிட்டதென்று
காசு தராமல் போனார்.

மெற்றில்டா மீன் பாத்திரத்தை
ஓடையோரம் இறக்கிவைத்தாள்.
கையை முந்தியில் இரண்டுமுறை துடைத்தபின்
சீட்டை நீட்டினாள்.
"எனக்க மோளுக்கு இதாக்கும் வேணுமாம்.
என்ன எழுத்தெண்ணு பாரும்."

நெப்ராஸ்கா.

மாநிலப் பறவை: புல்வெளி வானம்பாடி,
மஞ்சள் மார்பில் கறுப்பு மாலை.
மரம்: காட்டன்வுட்.
நம் இலவுபோலப் பஞ்சு பறத்தும்.
மென்பானம்: தண்ணீரில் கலக்கும் கலர்ப்பொடி.
"அதுக்குமா கவர்மென்டு?" என்றாள்.

முப்பத்தேழாவதாய்ச் சேர்ந்தது,
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழு, மார்ச் ஒன்று.
'சேர்ந்தது' என்ற சொல்லில் என் விரல் கொஞ்சம் நின்றது.
நாங்களும் ஒரு நவம்பர் ஒன்றில் சேர்ந்தவர்கள்தான்.
பழைய பத்திரம் நகலெடுக்க வருகிறவர்கள்
இன்றும் என்னிடம்
மலையாளத்தை வாசித்துத் தரச் சொல்கிறார்கள்.

பார்க்க வேண்டிய இடம்:
பழைய கார்களைக் குத்தென நிறுத்தி
வட்டமாய்ச் சாம்பல் பூசி வைத்திருக்கிறார்கள்.
"சாயங்காலம் நம்ம ஜங்சனுக்கு வந்தா போதுமே"
என்றாள் மெற்றில்டா.

மக்கள் என்ற தலைப்பில்தான் தகராறு.
ஓட்டோ என்றொரு கூட்டம்
அந்த ஆற்றைத் தட்டை நீர் என்று கூப்பிட்டது.
அவர்கள் பேச்சிலிருந்துதான் நெப்ராஸ்கா.
பெயரை வைத்துக்கொண்டு
பெயரிட்டவர்களைத் தெற்கே அனுப்பிவிட்டார்கள்.
இதைச் சார்ட்டில் போட்டால் டீச்சர் திட்டுவாரோ?
"போடும் ஓய்" என்றாள்.
"ஆளுக்க பேரு விட்டுப்போகப்படாது.
லிஸ்டுல பேரில்லாம
நாங்க ஒருபாடு நாளு கெடந்தோம்."

ஒக்கி அடித்த வருடம்
இதே கடையில்
அவள் எடுத்த நகல்கள் எனக்கு நினைவிருக்கின்றன.
ஆதார், படகு லைசென்ஸ், கல்யாண போட்டோ.

"கடலு எந்தப் பக்கம்?"
எந்தப் பக்கமும் இல்லை.
எப்படிப் போனாலும்
மூன்று மாநிலம் தாண்டாமல்
ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் கிடையாது.
அவள் வரைபடத்தை ரொம்பநேரம் பார்த்தாள்.
"ஜெபினாவுக்கு விழுந்தது ஃப்ளோரிடாவாக்கும்.
கூட்டுகாரிகிட்ட மாத்தி வேண்டியிருக்கா.
ஏனெண்ணு நான் கேக்கல்ல."

கடைசிப் படம் கொக்குகள்.
மார்ச் மாதம் லட்சக்கணக்கில் இறங்கி
சிவந்த நெற்றியோடு
அந்தத் தட்டை நீரில் நின்றபடியே உறங்கும்.
"ராத்திரி முழுக்கவா?"
முழுக்க.
"எவ்வளவு ஆழம்?"
கணுக்கால் அளவு என்று போட்டிருக்கிறது.
மெற்றில்டா தன் காலைக் குனிந்து பார்த்தாள்,
ரப்பர் செருப்பு, மீன்செதிள், வெள்ளிக் கொலுசுத் தழும்பு.
"இது மட்டும் ரெண்டு எடும். கலர்ல."

கலர் பத்து ரூபாய்.
இரண்டாவது யாருக்கு என்று நானும் கேட்கவில்லை.
நோட்டில் செதிளொன்று ஒட்டியிருந்தது,
கல்லாவுக்குள் அப்படியே போட்டேன்.

பாத்திரத்தைத் தலைக்கேற்றியவள்
இரண்டு கடை தாண்டித் திரும்பி வந்தாள்.
"ஓய், அங்க மீனு உண்டுமா?"
உண்டு. கெளுத்தி. மாநில மீனே அதுதான்.
"முள்ளு பாத்து எடுக்கணுமெண்ணு
அதயும் எழுதிவிடும்."

எழுதினேன்.
கீழ் மூலையில், சின்ன எழுத்தில்.