காலி எடை

பெடோங் மில்லில் எடைப்பாலம் என் பொறுப்பு.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி மேலே ஏறும், ஓர் எண் வரும்.
கொட்டிவிட்டுத் திரும்பும், இன்னோர் எண்.
கழித்தால் மிஞ்சுவது பழம்.
மழை நாளில் சன்னாசி மட்டும்
வெளியே போகும் முன் தார்ப்பாயை உதறுவார்.
உதறிய தண்ணீரும் அன்றைக்குப் பழம்தான்.
எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

போனில் ஒரு செயலி போட்டிருக்கிறேன்.
அதுவும் என் வேலையைத்தான் செய்கிறது.
காதில் எதை மாட்டினாலும்
முதலில் பெயரைக் கேட்கும்.
இது எங்கே கத்தும், எங்கே முழுங்கும் என்று
தன் பட்டியலில் பார்க்கும்.
கத்துமிடத்தில் தணித்து
முழுங்குமிடத்தில் நிரப்பி
ஹெட்ஃபோனின் சொந்த எடையைக் கழித்துவிட்டுப்
பாட்டை மட்டும் தரும்.

புதன்கிழமை பாசார் மாலாமில்
ஆப்பம் பாலிக் கடைக்குப் பக்கத்து மேசையில்
பதினெட்டு வெள்ளிக்கு ஒரு ஜோடி வாங்கினேன்.
பெட்டியில் பெரிய கம்பெனியின் பெயர், ஓர் எழுத்து கூடுதலாக.
புளூடூத்தில் மட்டும்
ஓர் எழுத்தும் பிசகாமல் அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டது.
செயலி நம்பிவிட்டது.
அசலுக்கு பேஸ் அதிகமாம், குறைத்தது.
இதற்கு பேஸே கிடையாது.
இல்லாததிலும் குறைத்தது.

வேறொரு லோரியின் காலி எடையை
இவன் கணக்கில் கழித்தால்
பழம் எங்கே மிஞ்சும்?

தம்பி இளமாறன்
திங்கள்தோறும் குரல் அனுப்புவான்.
"அக்கா, ஜொகூர்ல வேலை ஓகே.
பணம் அடுத்த மாசம்."
புது ஜோடியில் அது
மில்க் டின்னைக் கரண்டியால் சுரண்டுவதுபோல் இருந்தது.
கோபத்தில் பேசுகிறான் என்று நினைத்தேன்.
கடன் வாங்கியது அவன், கோபம் என்மேலா?
மூன்று வாரம்
"ம்" என்று மட்டும் பதில் எழுதினேன்.

நாலாவது வாரம் அதில் சார்ஜ் இல்லை.
ஆபீஸ் மேசையிலிருந்த பழைய கருப்பு ஹெட்ஃபோனை மாட்டினேன்.
ஒரு காதுப் பஞ்சு கிழிந்தது, பெயரில் பொய் இல்லாதது.
திரையில் கோடு கொஞ்சம் வளைந்து
தானாகவே படுத்துக்கொண்டது.

அதே ஜொகூர். அதே அடுத்த மாசம்.
ஆனால் தொண்டையில் சளி.
"பணம்" என்பதற்கு முன் ஒரு மூச்சு.
அதற்கும் அடியில், தூரத்தில்
ஏதோ ஒன்று எழுந்து, ஏறி, நின்று
நடுவில் ஒருமுறை விக்கி
மறுபடி நின்று அடங்கியது.

அந்த விக்கலை எனக்குத் தெரியும்.
எங்கள் மில்லின் ஆறு மணிச் சங்கு.
போன வருஷம் தகடு வெடித்ததிலிருந்து அப்படித்தான் ஊதுகிறது.
மாற்றக் கேட்டு மூன்று தாள்
நானே டைப் செய்து
என்சே ரஸ்லான் கையெழுத்துக்கு வைத்திருக்கிறேன்.
ஜொகூரில் அது ஊதாது.
சுங்கை பட்டாணிக்கே எட்டாது.

பாசார் மாலாம் ஜோடியைச் சார்ஜ் ஏற்றி
அதே குரலை மறுபடி கேட்டேன்.
சங்கு இல்லை.
ஜொகூர் பத்திரமாக இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.
இரயில் பாதைக்கு அந்தப் பக்கம் காலி வீடுகள் எத்தனை
என்று எண்ணவும் இல்லை.
எண்ணியிருந்தால் ஏழு.

இன்றைக்கு ஆறு ஆக இரண்டு நிமிஷம் இருந்தபோது
எடை அறையின் சன்னலைத் திறந்தேன்.
ஏ.சி. குளிர் வெளியே போனது, புளித்த குலை வாசம் உள்ளே வந்தது.
போனைச் சங்கின் பக்கம் நீட்டிப்
பதிவை அழுத்தி
"சாப்பிட்டியா?" என்றேன்.
அவ்வளவுதான்.
மிச்சத்தைச் சங்கு பேசியது, விக்கலோடு.

அவன் காதில் என்ன மாட்டியிருக்கிறானோ,
அது எதைக் கழிக்குமோ.

பாலத்தின் மேல் சன்னாசி
ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறார்.
தார்ப்பாய் இன்னும் சொட்டுகிறது.