ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு

ஹைகிரவுண்டில் மழை விட்டு ஒரு மணி நேரம்.
"எக்கா, பேரு போயிட்டு, படம் போகலை"
என்றான் அந்தோணிசெல்வம்.

எதிர்க் கட்டடத்து சர்வரில்
'பரமகல்யாணி, 54, ஆழ்வார்குறிச்சி, தலை'
என்று ஒரு கோப்பு இருந்தது.
அளவு பூஜ்யம்.
தண்ணீர் தெளித்து வைத்தும்
ஆள் உட்காராத பந்தி இலை.

நகலெடுக்கும் கட்டளை நின்ற இடத்திலேயே நின்றது.
நிறுத்து என்றேன், கேட்கவில்லை.
ஒன்பதாம் எண் போட்டுச் சாகு என்றேன்,
சாகவும் இல்லை.
'சர்வர் பதில் தரவில்லை, இன்னும் முயல்கிறேன்'
என்ற வரி மட்டும்
திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக.
அதை அப்படிக் கட்டிப்போட்டது நான்தான்.
மவுண்ட் செய்த அன்று
எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்று
இதே விரலால் அடித்தேன்.
பாதிப் படத்தை முழுப் படமென்று
எந்த டாக்டரும் நம்பிவிடக் கூடாதே என்று.

டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி.
அனுமதி சரி.
இரண்டு கடிகாரமும் ஒரே நொடியில்.
பிங் போட்டால்
இருக்கியா, இருக்கேன்,
அரை மில்லிநொடிக்குள் பதில்.

வெறும் கோப்பு ஒன்று அனுப்பினேன், போனது.
'சாப்ட்டாச்சா' என்று ஒரு வரி, போனது.
பத்து வரி போனது.
பத்துப் பக்கம் அனுப்பினேன்,
தொண்டையில் முள் மாட்டியதுபோல்
எல்லாம் நின்றுவிட்டது.

அப்போதுதான் உறைத்தது.
உடைக்காதே என்று சொல்லி
ஒவ்வோர் அளவாக அனுப்பத் தொடங்கினேன்.
எட்டாயிரத்துத் தொள்ளாயிரம், பதில் இல்லை.
மூவாயிரம், இல்லை.
ஆயிரத்து நானூறு, வந்தது.
ஆயிரத்து ஐந்நூறு, இல்லை.
ஆயிரத்து நானூற்று எழுபத்திரண்டு, வந்தது.
எழுபத்து மூன்று,
மௌனம்.
ஒரே ஒரு பைட்.
'அ' எழுதவே மூன்று வேண்டும்.

பதினொன்றே முக்காலுக்குக் கொம்பையாவை எழுப்பினேன்.
"சாயங்காலம் இடி விழுந்துச்சுல்லா,
மாடில சுவிட்சு கருகிட்டு.
ஜங்ஷன்ல எண்ணூறு ரூவாய்க்கு ஒண்ணு வாங்கி மாட்டினேன்.
ஏம்மா, லைட்டு எரியலையா?"
"எரியுது அண்ணாச்சி."

எரியத்தான் செய்தது, பச்சையாக.
இந்த முனைக்கு ஒன்பதாயிரம் பேச வரும்,
அந்த முனைக்கும் வரும்.
நடுவில் இன்று வந்து உட்கார்ந்தவனுக்கு
ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் தெரியாது.
தெரியாது என்று சொல்லவும் தெரியாது.
பெரிதாக வந்ததையெல்லாம்
சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டுச்
சிமிட்டிக்கொண்டிருந்தான்.
கொம்பையா மேல் கோபம் வரவில்லை.
அந்த மழையில் ஏணி வைத்து ஏறியிருக்கிறார்.

நல்ல சுவிட்சு நாளைக்குத்தான்.
இன்றைக்கு
இரண்டு முனையையும் ஆயிரத்து ஐந்நூறுக்கு இறக்கினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
அந்தோணிசெல்வம் நகத்தைக் கடித்தான்.
பிறகு 'சர்வர் சரி' என்று ஒரு வரி.
நான் கொல்லப் பார்த்தது
ஒன்றுமே நடக்காததுபோல்
விட்ட இடத்திலிருந்து எடுத்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகளாக
ஒரு தலை தெருவைக் கடந்தது.

இரண்டு பக்கமும் கூட்டி ஒப்பிட்டேன்.
கடைசி எழுத்து வரை ஒன்று.
திரையில் சாம்பல், வெள்ளை, ஒரு கறுப்புக் குழி.
எது இருக்கவேண்டியது
எது இருக்கக் கூடாதது
எனக்கு வாசிக்கத் தெரியாது.

வராந்தாவில் மகள் எழுந்து நின்றாள்,
துண்டால் தலை துவட்டியபடி.
"என்னக்கா ஆச்சு?"
'போயிட்டு' என்று நாக்கு நுனிவரை வந்தது,
நாங்கள் எப்போதும் சொல்வதுதான்.
விழுங்கிவிட்டு
"முழுசா வந்து சேந்துட்டும்மா" என்றேன்.
நான் சரிபார்த்தது
அது மட்டும்தான்.