மெய் மொழிக்கு முதலில் வராது

சேத்துப்பட்டில், ஏசி அறையில்
மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள் எங்களுக்கு.
வகுப்பறைக்கு வெளியே கற்றல்.
ஒன்பதாம் செயல்பாடு: ஒலி வரைபடம்.
தாளின் நடுவே ஒரு பெருக்கல் குறி. அது நீ.
ஐந்து நிமிடம் கண்ணை மூடு.
கேட்கும் சத்தத்தைக்
கேட்கும் திசையில் குறி.
கையேட்டுப் படத்தில் ஓர் அருவி, இரண்டு மான்.

எண்ணூரில் எங்கள் ஆறாம் வகுப்புக்கு வாய்த்தது
காட்டுக்குப்பத்துப் பக்கம் ஆற்றோரம்.
'தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளி' என்று
சிவப்பு மையில் எழுதித்தான்
அனுமதி தந்திருந்தார் தலைமையாசிரியர்.
அது வற்றத்து நேரம்.
நாங்கள் உட்கார உட்காரத்
தண்ணீரே தள்ளிப் போனது,
பத்தடி பதினைந்தாகி, இருபதாகி.

சாம்பல் படிந்த உமரிச் செடிகளுக்கு நடுவே
பழைய நாளிதழ் விரித்து
முப்பத்தொரு பிள்ளைகள்.
விசில் ஊதினேன்.

நானும் ஒரு தாள் வைத்திருந்தேன்.
ஒரு நிமிடத்தில் நிறைந்துவிட்டது:
கண்டெய்னர் லாரி. கண்டெய்னர் லாரி.
அனல் மின்நிலையத்தின் உறுமல்.
பாலத்தில் சரக்கு ரயில்.
பின்னால் நகரும் லாரியின் கீச்சு.
லாரி.
தாளை மடித்துக்கொண்டேன்.
இவர்களை வேறெங்காவது
கூட்டிப்போயிருக்கலாம் நான்.

ஜெர்லின்தான் முதலில் நீட்டினாள்.
கிழக்கே உள்ளான் விசில்.
வலை எறிகிறவரின் ஈயக்குண்டுகள்
ஒன்றோடொன்று உரசுவது.
மோகித் மூக்கை உறிஞ்சுவது, இரண்டு முறை.
தன் வயிறு.
'லாரி எங்கேம்மா?'
சாலைப் பக்கம் பார்த்தாள்,
மறந்த பெயரை யோசிக்கிறவள் போல.
'அது சத்தமா மிஸ்?'

முப்பத்தொரு தாளையும் புரட்டினேன்.
ஒன்றில்கூட இல்லை லாரி.

ரிஸ்வானாவின் தாளில்
பெருக்கல் குறியை ஒட்டினாற்போல் ஒரு புள்ளி மட்டும்.
'இதுக்கு எப்டி எழுதுறதுன்னு தெர்ல மிஸ்.
தண்ணி போனப்புறம் சேறு வாயத் தொறக்குதுல்ல, அது.'
'ப்ளக்' என்றான் துரைசிங்கம்.
'இல்ல, க்ளொப்.'
'ட்டப்புடா, காது செவிடா ஒனக்கு?'

காலையில் எடுத்த தமிழ்ப் பாடம்
நாக்கில் மிச்சமிருந்தது எனக்கு.
'மெய்யெழுத்து மொழிக்கு முதலில் வராது.
பொளக் என்று எழுதலாம்.'
பொளக், பொளக் என்று
சொல்லிப் பார்த்தாள் ரிஸ்வானா.
'இது நீங்க சொல்றது மிஸ்.
சேறு இப்டி சொல்லல.'

கையேட்டில் இல்லாத இரண்டாவது ஐந்து நிமிடம்.
இந்த முறை விசில் இல்லை.
கண்ணை மூடினேன்.
லாரி.
லாரி.
உறுமல்.
லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
ஒரு தாளைச் செருகும் அளவு இடைவெளி.
அதில், என் செருப்புக்குப் பக்கத்தில்,

கேட்டது.
புள்ளி வைத்த எழுத்தில்தான் ஆரம்பித்தது.

ரிஸ்வானா தன் புள்ளிக்குக் கீழே
ஒரு ப் போட்டாள்.
அதற்கப்புறம் நிறைய இடம் விட்டிருந்தாள்.
நான் எதுவும் திருத்தவில்லை.

மூன்றரை மணி. எண்ணினேன், முப்பத்தொன்று.
எல்லாச் செருப்பிலும் சாம்பல் சேறு.
'மாணவர் கற்றவை' என்ற கட்டத்தைத்
திங்கட்கிழமை நிரப்பிக்கொள்ளலாம்.

நடுச்சாலையில் நின்று
வருகிற லாரிக்குக் கையை நீட்டினேன்.
அது ஹாரன் அடித்தது, அடித்துக்கொண்டே நின்றது.
பிள்ளைகள் இருவர் இருவராகக் கடந்தார்கள்,
ட்டப்பா க்ளொப்பா என்று சண்டை போட்டபடி,
அந்தப் பக்கம் ஒரு தலைகூடத் திரும்பாமல்.