முப்பத்தாறாவது சுற்று

முதல் மாதிரியில்
பதினேழாவது சுற்றிலேயே கோடு நிமிர்ந்துவிட்டது.
பதினேழு என்றால் ஏராளம்.
எண் குறையக் குறைய வைரஸ் அதிகம்.
இந்தத் தலைகீழ்க் கணக்கை
புந்தா அரேனாஸ் ஆஸ்பத்திரியில்
எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன்.
ஒரே தடவையில் எவருக்கும் விளங்கியதில்லை.

நெலிதா பர்ரியா. வயது ஐம்பத்தொன்று.
நண்டு ஆலையில் ஓடு உடைப்பவர்.
குழாயில் ஒட்டிய தாளுக்கு அப்பால்
அவரை எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் இருபத்துநாலு.
பதினெட்டாம் நாள் முப்பத்தொன்று.
காய்ச்சல் போய், இருமல் போய்,
படியேறினால் வாங்கும் மூச்சும் அடங்கி
இருபத்தாறாம் நாள் முப்பத்துநாலு.
பாசிட்டிவ்.

நீரிணையைத் தாண்டி வரும் காற்றுக்காக
தெருமுனைகளில் கயிறு கட்டிவைக்கிற ஊர் இது.
கயிற்றைப் பிடித்துத்தான் வேலைக்கு வந்தேன்
அந்தச் செவ்வாய்க்கிழமை.
கோட்டைக் கழற்றுவதற்குள் தொலைபேசி.
"பர்ரியா பேசுகிறேன். அது எப்போது போகும்?"

நோயாளிகளோடு நாங்கள் பேசக்கூடாது.
பேசினேன்.

இயந்திரம் உயிரைத் தேடுவதில்லை, அம்மா.
எழுத்தைத் தேடுகிறது.
கிழித்தெறிந்த கடிதத்தில் ஒரு துணுக்கு கிடைத்தாலும்
இரண்டாக்கி நாலாக்கி எட்டாக்கி
கண்ணுக்குத் தெரிகிற வரை பெருக்கிவிட்டு
கடிதம் வந்திருக்கிறது என்கும்.
எழுதியவன் இருக்கிறானா செத்தானா
அதற்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் காற்றுதான் பேசியது.
பிறகு அவர்:
"ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் கையில்
நண்டு வாடை போகாது.
அதற்காக என் கையில் நண்டு இருக்கிறது என்று
யாரும் சொன்னதில்லை."

சரியாகச் சொன்னீர்கள், என்றேன்.

"இப்போது அந்த வாடையும் இல்லை.
எனக்கு எதுவுமே மணப்பதில்லை."

முப்பத்துமூன்றாம் நாள் நெகட்டிவ்.
மகன் ஓசியேல் லாரியில் படுப்பதை விட்டு
வீட்டுக்குள் வந்தானாம்.
முப்பத்தைந்தாம் நாள் பாசிட்டிவ்.
லாரிக்கே திரும்பிப் போனான்,
இந்த முறை போர்வை இரண்டு.

டாக்டர் குசனோவிச் ஒரு பங்கைச்
சந்தியாகோவுக்கு அனுப்பினார், வளர்த்துப் பார்க்க.
அங்கே வட்டில் நிறையக் குரங்கின் சிறுநீரகச் செல்கள்.
நெலிதாவின் மூக்கில் எடுத்ததை
அவற்றின் மேல் ஊற்றி
ஐந்து நாள் பார்த்தார்கள்.
ஒரு செல்லும் சாகவில்லை.
ஐந்து நாளும் சௌகரியமாக இருந்தன.

ஆலை அந்தக் கடிதத்தை ஏற்கவில்லை.
அடுத்தடுத்து இரண்டு நெகட்டிவ் வேண்டும்,
விதி ஒட்டியிருக்கிறது, கதவிலேயே.

நாற்பத்தொன்றாம் நாள்.
இரவுப் பணி. நான் மட்டும்.
இரண்டு மரபணுவில் ஒன்று எழவே இல்லை.
மற்றது முப்பத்தாறாவது சுற்றில்
தூக்கத்தில் புரளுகிறவர் போல
லேசாக அசைந்தது.
எங்கள் பெட்டியில் எல்லை முப்பத்தேழு.
முன்பு வாங்கிய பெட்டியில் முப்பத்தைந்து.
விலை ஏறியதால் கம்பெனியை மாற்றினோம்.
பழைய பெட்டி இருந்திருந்தால்
அவர் இந்நேரம் குணமானவர்.

திரும்ப ஓட்டினேன். அதே முப்பத்தாறு.
பாசிட்டிவ் என்று தட்டச்சு செய்துவிட்டு
குறிப்புக் கட்டத்தில்
யாரும் படிக்காத கட்டத்தில்
"எச்சம் மட்டும்" என்று எழுதினேன்.
மேலதிகாரி அதை அழிக்கச் சொன்னார்.
அழித்தேன்.

ஐம்பதாம் நாளுக்கு மேல் மாதிரி வரவில்லை.
நண்டுப் பருவம் முடிந்திருக்கும்,
அல்லது அலுத்துப் போயிருக்கும்.
நான் வேறு குழாய்களைப் பார்த்தேன்,
பதினாறு, இருபது, இருபத்திரண்டு.

பனி பெய்யத் தொடங்கிய வாரம் அவரே அழைத்தார்.
"இன்று கையை முகர்ந்து பார்த்தேன்.
என்னவோ இருக்கிறது.
நண்டா, சோப்பா, சொல்லத் தெரியவில்லை."

முப்பத்தாறாவது சுற்று, என்றேன்.

"அப்படியென்றால் கொஞ்சம்தான்" என்றார்.